கொழுத்த எழுத்தில் ஐந்நூறு மீட்டர்

எண்பதில் போகிற லோரிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு ரோட்டோரத்தில் இருக்கிற எதுவும் எழுத்தாகத் தெரியாது. நிறமாகத் தெரியும், கட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் லோரி ஓட்டியவன் சொல்கிறேன். மெல்லிய எழுத்து கம்பி வேலி மாதிரி. பார்வை அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். தடித்த எழுத்து சுவர் மாதிரி. பார்வை போய் முட்டி நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த நான், மலாக்காவில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ரெம்பியா போகிற பக்கம் இருக்கிற அந்த அம்மாவின் சாப்பாட்டுக் கடையில், அந்தக் கடைப் பலகைக்குக் கீழேயே ஒன்றரை வருஷம் உட்கார்ந்து தோசை தின்றேன். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உண்மையைச் சொல்வதானால், கூட்டம் வராதது எனக்கு வசதியாக இருந்தது. கூட்டம் இல்லாததால் அந்த அம்மா கல்லைத் துடைத்துவிட்டு எதிர் நாற்காலியில் வந்து உட்காருவார். பேசிக்கொண்டிருப்போம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரப்பர் தோட்டத்து ஆட்கள். அவர் பால் மரம் வெட்டினவர், நான் புகைக் கொட்டகையில் வேலை பார்த்து, அப்புறம் லோரிக்குப் போனவன். அவர் வீட்டுக்காரரும் போய்விட்டார், என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். அவர் என்னை அண்ணே என்பார். கடைக்கு வருகிற எல்லா லோரிக்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாவது தோசையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழம மவன் வரான் அண்ணே. கடைய எடுத்துட்டு ஜொகூருக்கு வந்துருங்கன்றான். நானும் சரின்னுட்டேன்."

"ஏன்மா?"

"ஏன்னா கேக்குறீங்க? காலையில கரைச்ச மாவு சாயங்காலம் அப்படியே நிக்குது. புளிச்சுப் போயி நாய்க்கு ஊத்துறேன். இப்ப அந்த நாயும் மூஞ்சியத் திருப்பிக்குது."

"கூட்டம் வந்தா?"

"வந்தா நான் ஏன் போறேன்? சட்டி காலியானா எனக்கு ஜொகூர்ல என்ன வேல? அங்க நாலாவது மாடி அண்ணே. துணி காயப் போட்டா பக்கத்து வீட்டுக்காரன் சட்டையோட சிக்கிக்குமாம்."

இரண்டாவது தோசை எனக்கு இறங்கவில்லை. சாம்பாரைக் குறை சொல்லக் கூடாது. அது நன்றாகத்தான் இருந்தது. மாசக் கடைசிக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரம் முடிந்தால் என் காலை நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பலகை ஒழுங்காக என் கண்ணில் பட்டது.

ரோஸ் நிறம். நாலு மூலையிலும் பூ. நடுவில் கொடி மாதிரி வளைந்து, வால் விட்டு, வாலுக்கு ஒரு வால் விட்ட எழுத்து. கடை திறந்தபோது யாரோ சொந்தக்காரப் பெண் ஆசையாகச் செய்து கொடுத்ததாம். கிட்டே நின்று பார்த்தால் அழகு. லோரியிலிருந்து பார்க்கிறவன் உள்ளே ஏதோ கல்யாணம் நடக்கிறது, நம்மைக் கூப்பிடவில்லை என்று மரியாதையாகப் போய்விடுவான்.

"பலகைய மாத்துறேன்" என்றேன்.

"பலகைய மாத்தி? அதுக்குக் கீழ நிக்கிறது நாந்தான? என்னையும் மாத்திருவீங்களா?"

"எழுத்து போதும்மா. நீங்க அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னேன் என்று எனக்கே வெட்கமாகி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு அச்சுக் கடை இருக்கிறது. பேனர், ரப்பர் முத்திரை, டீ-சட்டை, காது குத்துக்கு அழைப்பு, எல்லாம் அங்கேதான். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெண் காதில் பெரிய மூடி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று தடவை கூப்பிட்ட பிறகு ஒரு காதை மட்டும் திறந்தாள்.

"என்ன ஃபாண்ட் வேணும் தாத்தா?"

"அதெல்லாம் தெரியாது. எழுத்து வேணும்."

"எழுத்தோட உருவத்தத்தான் ஃபாண்டுன்னு சொல்றது. வாங்க, பாருங்க லா." திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரே சொல்லை வரிசை வரிசையாக எழுதிக் காட்டினாள். நூற்றுக்கணக்கில் இருந்தது. நான் ரெண்டாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன். எழுத்தில் இவ்வளவு சாதி இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"இது?"

"இது இடியாப்பம்" என்றேன்.

"இது?"

"இது நோயாளி. எழுந்து நிக்கக்கூட தெம்பில்ல."

"இது? கல்யாணத்துக்கு எல்லாரும் இதத்தான் கேப்பாங்க."

"அதுதாம்மா அங்க இப்ப தொங்குது. அதுலருந்து தப்பிக்கத்தான் வந்திருக்கேன்."

அவள் சிரித்துக்கொண்டே கீழே கீழே தள்ளினாள். திடீரென்று ஒன்று வந்தது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

அந்த எழுத்தை எப்படிச் சொல்வது? கனமான இரும்புத் தகட்டை வாங்கி வந்து, வளைக்கத் தெரியாதவன் வெட்டி மட்டும் செய்த எழுத்து. வளைவு வர வேண்டிய இடத்தில் மூலையைச் சீவி விட்டிருந்தது. எல்லா எழுத்தும் ஒரே உயரம், தோளோடு தோள் உரசி நின்றது. உள்ளே காற்றுப் போக ஒரு சின்னச் சந்து, அவ்வளவுதான். அங்கங்கே எழுத்தின் குறுக்கே ஒரு வெட்டு. வெட்டுப்பட்டும் விழாமல் நின்றது.

"இது எங்க கித்தா எழுத்தாச்சே!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் முத்திரை வாங்க வந்த ஒரு சீனப் பாட்டி திரும்பிப் பார்த்தார்.

புகைக் கொட்டகையில் கித்தா, அதாவது ரப்பர் ஷீட்டை அடுக்கி, அமுக்கி, கட்டாக்கி, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, அதன்மேல் தோட்டத்து அடையாளமும் தர நம்பரும் போட்டுத்தான் துறைமுகத்துக்கு அனுப்புவோம். அதற்குத் தகரத்தில் வெட்டிய அச்சு இருக்கும். தகரத்தை வைத்து, மேலே கறுப்பு மையில் பிரஷ்ஷால் குத்தினால், எழுத்து கீழே இறங்கிவிடும். இழுக்கக் கூடாது, குத்தத்தான் வேண்டும். இழுத்தால் மை தகரத்துக்கு அடியில் ஓடி எழுத்துக்கு மீசை முளைத்துவிடும். ஒருமுறை அச்சு துருப்பிடித்துப் போக, நானே புதுத் தகரத்தில் ஒரு வட்டத்தை வெட்டினேன். முழு வட்டமாக வெட்டினதும் நடுவில் இருந்த துண்டு டங்கென்று என் கால்மேல் விழுந்தது. மேற்பார்வை பார்த்த மண்டோர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடுத்துண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். அந்தப் பாலம்தான் எழுத்தில் வெட்டு மாதிரி தெரிவது.

தர நம்பரில் எனக்குப் பிடித்தது ஒன்றாம் நம்பர். முதல் தரம். கையில் அச்சும் மையும் இருக்கிற வயசுப்பையன் சும்மா இருப்பானா? அரிசி டின், மண்வெட்டிப் பிடி, தொழிலாளர் லயத்துக் கதவு, எல்லாவற்றிலும் ஒரு பெரிய ஒன்று போட்டேன். என் கல்யாணப் பெட்டியிலும் போட்டேன். வந்த முதல் நாள் என் வீட்டுக்காரி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் மூணும் எங்க வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டாள். ஒரு பெட்டிதான் இருக்கிறது, ஒரு கல்யாணம்தான் என்று நம்ப வைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பாதியை ஒரு காதால்தான் கேட்டாள்.

"அந்த வெட்டு இப்ப ஸ்டைல் தாத்தா. இந்த எழுத்துக்கு எவ்ளோ கிராக்கி தெரியுமா? ஜிம்காரங்க எல்லாரும் இதான். காவடிக் குழு டீ-சட்டை முதுகுல இதான். ஃபுட்பால் டீமுக்கு இதான். மலாக்கா டவுன்ல கோப்பிக் கடைங்க இருக்குல்ல, ஏர்கோன் போட்டது, அங்க மெனு கார்டு முழுக்க இதான்."

அந்தக் கோப்பிக் கடையில் ஒன்றுக்கு என் மகள் ஒருநாள் கூட்டிப் போயிருக்கிறாள். ஆற்றங்கரைப் பக்கம். சுவரில் பூச்சு இல்லை, செங்கல் தெரிந்தது. பல்பு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி எண்ணெய் டின். பாவம், இப்போதுதான் கடை போட்டிருக்கிறார்கள், இன்னும் வேலை முடியவில்லை என்று நினைத்து, பரிமாறிய பையனிடம், "பரவால்ல தம்பி, மெதுவா கட்டுங்க" என்று ஆறுதல் சொன்னேன். என் மகள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

சரி, பலகைக்கு வருகிறேன். நடுவில் பெரிதாக மலாயில் MAKAN, அதன் கீழே தமிழில் 'சாப்பாடு' என்று முடிவு செய்தோம். அங்கே ஒரு சிக்கல். அந்த எழுத்துச் சாதியில் தமிழ் கிடையாதாம். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். அப்புறம் மூடியை இரண்டு காதிலிருந்தும் கழற்றி வைத்தாள்.

"நானே போடுறேன், இருங்க."

நம் எழுத்து எல்லாம் உருண்டை. அதை இரும்பாக்க வேண்டும். ஒரு 'ச'வை எடுத்து மூலை மூலையாகச் சீவினாள், கொக்கி மாதிரி வந்தது. 'ப' முதலிலேயே ஒரு லோரித் தொட்டிதான், அதற்கு வேலையே இல்லை. 'டு' என்றைக்குமே பாதி இரும்பு, சுழியை மட்டும் சதுரமாக்கினாள். மேலே இருக்கிற புள்ளியைச் சதுர ஆணியாக்கிவிட்டாள். கடைசியில் திரையில் நின்ற 'சாப்பாடு' பளு தூக்கும் இயந்திரம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே பசித்தது.

"இன்னும் ரெண்டு பலகை வேணும்" என்றேன். பலகையைக் கடைக்கு நேரே பார்த்துப் பிரேக் அடித்தால் லோரி கடையைத் தாண்டி நூறடி தள்ளித்தான் நிற்கும். பாரம் ஏற்றிய லோரியை மறுபடியும் பின்னால் எடுத்து எவன் தோசை தின்பான்? அதனால் கடைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒன்று, ஐந்நூறு மீட்டர் முன்னால் ஒன்று. முப்பத்தோரு வருஷ அனுபவம். அந்தப் பெண்ணுக்கே இது ஆச்சரியமாக இருந்தது.

"ஆனா தாத்தா, இந்தத் துணி அகலம் இவ்ளோதான். இந்த எழுத்து ரொம்பக் குண்டு. 'MAKAN 500 METER' உள்ள போவாது. கொஞ்சம் அமுக்கவா?"

"அமுக்காத."

"சின்னதாக்கவா?"

"ஒரு நூல்கூட இளைக்கக் கூடாது. எழுத்து கொழுத்து இருக்கணும்."

"அப்ப 500 METER மட்டுந்தான் நிக்கும்."

"போதும். எதுன்னு தெரியாட்டி, என்னன்னு பாக்கவாச்சும் மெதுவா வருவான்."

"கலர்?"

மஞ்சளில் கறுப்பு என்றேன். மழையிலும் வெயிலிலும் பளிச்சென்று தெரிவது அதுதான். இதையும் அனுபவத்தில்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்றையும் கட்டினேன். ரோட்டோரம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் போட்டிருக்கிற சீன முதலாளி தவுக்கேயிடம் முன்னாடியே கேட்டு, அவர் வேலியில் இரண்டு, கடைக்கு மேலே ஒன்று. எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். ஆகா! மூன்று தடவை நடந்துபோய் மூன்று தடவை திரும்பி வந்து பார்த்தேன். அந்த அம்மா அன்றைக்கு நம்பிக்கையாக இரண்டு மடங்கு மாவு வைத்திருந்தார். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், வேறு பொட்டலம் கட்டி வைத்திருந்தார்.

ஏழு மணி ஆனது. ஒரு லோரி வரவில்லை. எட்டு ஆனது. கார் போனது, மோட்டார் போனது, ஸ்கூல் பஸ் போனது. லோரி இல்லை. வழக்கமாக எட்டேகாலுக்கு வந்து கோப்பி குடிக்கிற மணல் லோரிக்காரன்கூட வரவில்லை. நிற்காமல் போனாலாவது கோபப்படலாம். ரோட்டிலேயே லோரி இல்லை. மலாக்கா மாநிலத்தில் லோரியே ஒழிந்துவிட்டது போல இருந்தது.

அந்த அம்மா கல்லின் முன்னால் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தார்.

"அண்ணே, முந்தி ஒரு நாளைக்கு ரெண்டு பேராச்சும் வந்தாங்க. ஒங்க எழுத்தப் பாத்து அந்த ரெண்டு பேரும் ஊரவிட்டே ஓடிட்டாங்க போல."

"கொஞ்சம் பொறுங்கம்மா."

"பொறுக்குறேன். மாவு பொறுக்குமா?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு பலகைகள் இருக்கிற பக்கம் போனேன். ஐந்நூறு மீட்டர் பலகை கம்பீரமாக நின்றது. ஒன்றும் இல்லை. வளைவைத் தாண்டினேன். அங்கே பார்த்தால், ஒரு கிலோமீட்டர் பலகைக்குப் பின்னால், செம்பனை நிழலில், ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு லோரி வரிசையாக ஒதுங்கி நிற்கிறது! கல் லோரி, மணல் லோரி, செம்பனைக் குலை ஏற்றிய லோரி. ஒருத்தன் டயருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தே விட்டான்.

முதல் லோரியில் தாடி வைத்த நம்மாள் ஒருத்தன் இருந்தான். என்னைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டினான்.

"தாத்தா, அந்தப் பக்கமிருந்தா வரீங்க? ஆபீசருங்க எத்தன பேரு நிக்கிறானுங்க?"

"எந்த ஆபீசரு?"

"தீம்பாங் போடுறவனுங்கதான்! எட போடுறவனுங்க! புதுசா பலக வச்சிருக்கானுங்க பாருங்க, ஒரு கிலோமீட்டர்னு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஐநூறு மீட்டர்னு இன்னொண்ணும் இருக்காம். கவர்மெண்டு எழுத்து. இது சும்மா ஒருநாள் சோதன இல்ல, நிரந்தரமா போட்டுட்டானுங்க."

திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தேன். மஞ்சள். கறுப்பு. கொழுத்த எழுத்து. மீட்டர். பாரம் கூட ஏற்றிய லோரிக்காரனுக்கு அதைவிடப் பயங்கரமான நாலு விஷயத்தை ஒரே துணியில் எவனாலும் எழுத முடியாது. நானே எத்தனை தடவை இப்படி ஒதுங்கி நின்றிருக்கிறேன்! ஒருமுறை டுரியான் துங்கால் பக்கம் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை நின்று, பசி தாங்காமல் ஏற்றி வந்த அன்னாசியையே தின்று நாக்கு வெந்து போனது. லோரிக்காரன் புத்தியில் பலகை வைத்தவன், லோரிக்காரன் பயத்தை மறந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், ஹேண்டில் ஆடியது.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"டேய், அது ஆபீசரு இல்லடா. தோசக் கட!"

அவன் முகம் மாறியது. பின்னால் திரும்பி மலாய்க்கார டிரைவரிடம் ஏதோ சொன்னான். அவரும் இறங்கி வந்தார். நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"தோசைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி மாட்டிவிடப் பாக்குறீங்களா? ஒங்களுக்கு அவனுங்க என்ன குடுத்தானுங்க?"

"நானும் லோரிக்காரன்தாண்டா!"

"லோரிக்காரன் சொல்றத லோரிக்காரன் நம்புவானா?" என்றான் பாயில் படுத்திருந்தவன், கண்ணைத் திறக்காமலேயே.

"குருப்பில வேற போட்டாச்சு தாத்தா" என்று தாடிக்காரன் போனைக் காட்டினான். "இந்தப் பக்கம் வராதீங்கன்னு. தாம்பின் வரைக்கும் சேதி போயிருச்சு."

திரும்பி வந்து அந்த அம்மாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். போச்சு, இன்றைக்கே ஜொகூருக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரிக்கிறார்! கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க முடியாமல் சிரிக்கிறார். ஒன்றரை வருஷத்தில் நான் அந்த அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

"அண்ணே" என்றார் ஒரு வழியாக. "ஏழு லோரியா?"

"ஏழு."

"காலையிலருந்து பசியோட நிக்கிறானுங்களா?"

"நிக்கிறானுங்க."

"அப்ப என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? அடுப்ப எதுக்கு அணைச்சேன்? மோட்டார எடுங்க!"

மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்து மளமளவென்று சுட்டு, பெரிய அலுமினிய அண்டாவில் தோசையை அடுக்கி, மேலே சட்னி பொட்டலம், சம்பல், நாசி லெமாக் எல்லாம் வைத்து, துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்தார். ஒரு கையால் அண்டாவைப் பிடித்தார். இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்தார். அந்த ஒரு கிலோமீட்டரை நான் இருபதில் ஓட்டினேன். சைக்கிளில் போன பக்கத்துக் கம்போங் கிராமத்துப் பையன் எங்களை முந்திப் போனான். போகட்டும்.

"அண்ணே, இது ஓடுதா, நிக்குதா?"

"அண்டா இருக்குல்ல, பாத்துப் போவணும்."

"அண்டா நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் ஆடுறீங்க."

லோரிகளுக்குப் பக்கத்தில் இறங்கியதும் அந்த அம்மா நேராகத் தாடிக்காரனிடம் போனார்.

"ஏன்டாப்பா, என் மூஞ்சியப் பாத்தா எட போடுற ஆபீசரு மாதிரியா இருக்கு?"

அவன் அந்த அம்மாவைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான். துணியைத் திறந்ததும் ஆவி வந்தது. பாயில் படுத்திருந்தவன்தான் முதலில் எழுந்து வந்தான். மலாய்க்கார டிரைவர் சம்பலை விரலில் தொட்டு நக்கிவிட்டு, "செடாப், செடாப்" என்று ருசியைப் புகழ்ந்து இன்னொரு பொட்டலத்துக்குக் கை நீட்டினார். தாடிக்காரன் ஐந்தாவது தோசையில் நிமிர்ந்து, "நெசமாவே எட போடுறதா இருந்தா முன்னாடியே போட்டிருக்கணும் அக்கா. இப்ப லோரி இன்னும் கனத்துப் போச்சு" என்றான். அண்டா கால் மணி நேரத்தில் காலி. அப்புறம் மீதி மாவைத் தேடி ஏழு லோரியும் கடைக்கே வந்தன. பதினொரு மணிக்குச் சட்டியில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா கவிழ்த்துக் காட்டினார்.

சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், பலகையை அப்படியே விட முடியாது. பயந்து பிரேக் போடுகிறவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் வருவான். அன்று மத்தியானமே இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு அச்சுக் கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டு அந்தப் பெண் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். காது மூடி கழன்று கீழே விழுந்தது. வெள்ளையில் சிவப்பாக, இரண்டு வரியாக, மேலே MAKAN, கீழே ஒன்றில் 1 KM, இன்னொன்றில் 500 METER என்று மாற்றினாள். எழுத்தை மட்டும் அவளும் இளைக்க விடவில்லை.

ஆனால் பயந்து வந்த கூட்டம் பயம் தெளிந்த பிறகு வருமா? வெள்ளிக்கிழமை நாலு லோரி. சனிக்கிழமை இரண்டு. திங்கட்கிழமை மழை, ஒன்றுமில்லை. மேசைக்கு அடியில் புதிதாக மூன்று அட்டைப் பெட்டி வந்திருந்தது. ஒன்றில் எவர்சில்வர் டம்ளர் எல்லாம் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

புதன்கிழமை தாடிக்காரன் இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்தான். "குருப்பில போட்டுட்டோம் அக்கா. ஐநூறு மீட்டர் கடைன்னு சொன்னா இப்ப தாம்பின் வரைக்கும் தெரியும்" என்றான். வியாழன் சட்டி காலி. வெள்ளி காலி. சனிக்கிழமை டம்ளர் போதவில்லை. அந்த அம்மா அட்டைப் பெட்டியைத் திறந்து சுற்றியதை எல்லாம் பிரித்து எடுத்தார். தேவைக்கு எடுத்தார், அவ்வளவுதான், அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகன் வேன் எடுத்துக்கொண்டு வந்தான். வேனை நிறுத்த இடம் இல்லை. கடைக்கு முன்னால் லோரி. இறங்கி வந்து, "அம்மா, கெளம்பலாமா?" என்று கேட்டான்.

"அந்த மூணாவது மேசைக்கு ரெண்டு தே தாரிக் கொண்டு போ" என்றார் அந்த அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

டீயைக் கொண்டு போனான். திரும்பி வருவதற்குள் நாலாவது மேசை கூப்பிட்டது. ஜொகூரில் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசராம். ஒரு மணிக்குள் சட்டை நனைந்து, தோளில் துண்டு போட்டு, தட்டு கழுவிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் நின்று கழுவினேன்.

"மாமா, எப்பவும் இப்படித்தானா?" என்று என்னைக் கேட்டான்.

"இன்னிக்குக் கொஞ்சம் கொறைச்சல்" என்றேன். பொய்தான்.

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. மகன் கையைத் துடைத்துக்கொண்டு, வேன் கதவைத் திறந்து வைத்தான். "அம்மா, சாமான ஏத்தட்டுமா? இருட்டுறதுக்குள்ள போவணும்."

அந்த அம்மா அடுப்பை அணைத்தார். உள்ளே போனார். நான் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரிய வாளியில் அரிசியைக் கொட்டிக் களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உளுந்து. தினமும் போடுவதைவிட இரண்டு படி கூட.

மகன் வாசலில் நின்று பார்த்தான். "என்னம்மா பண்றீங்க?"

"நாளைக்கு ஊற வைக்கிறேன். கண்ணு தெரியலயா?"

அவன் என்னைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். அப்புறம் வேன் கதவைச் சாத்தினான். சாத்துகிற சத்தம் எனக்கு வெடி போட்ட மாதிரி கேட்டது.

"பண்டிகைக்காச்சும் வாங்கம்மா."

"வரேன், வரேன். வெளிய இருக்கிற சம்பல எடுத்துட்டுப் போ, பிள்ளைங்களுக்கு. அண்ணே, நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருங்க. தேங்கா துருவ ஆள் இல்ல."

சரிம்மா என்றேன். மோட்டாரைக் கிளப்பினேன். என் வீடு கடையிலிருந்து நாலே கிலோமீட்டர். வீட்டைத் தாண்டியதையே நான் கவனிக்கவில்லை. ரெம்பியா சந்திப்பில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் எங்கே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற பஸ்காரன் என்னையே ஒரு மாதிரி பார்த்தான். சத்தமாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. பச்சை விழுந்தது. திரும்புவதற்கு மனசு வரவில்லை, இன்னும் கொஞ்ச தூரம் நேராகவே போனேன்.